கணக்கு அங்கே, திரை இங்கே

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் பழைய ஆல்-இன்-ஒன் டெஸ்க்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. பொட்டியும் திரையும் ஒன்றாகவே இருக்கும் ரகம், திரையை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது. பையனுக்கு வாங்கிய புது டெஸ்க்டாப்புக்கு இதை இரண்டாவது திரையாக்கி விடலாம் என்று சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய் எச்.டி.எம்.ஐ. கேபிள் கேட்டேன். எதற்கு என்று விசாரித்த கடைக்காரர், "ஓட்டா ஹொபே நா, தாதா" என்று சிரித்துவிட்டார். இரண்டு பொட்டியிலும் இருப்பது படத்தை வெளியே அனுப்புகிற வாய்தானாம், வாங்கிக்கொள்ளும் வாய் எதிலும் இல்லையாம். டெபிட்டுக்கு டெபிட் போட்டால் டேலி ஆகாது என்பது பி.காம். படித்தவனுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் :-)

கடைசியில் நெட்வொர்க் வழியாகத்தான் முடிந்தது. ஸ்பேஸ்டெஸ்க் மாதிரி மென்பொருள்கள் புதுப் பொட்டியிடம் "உனக்கு இன்னொரு மானிட்டர் இருக்கு" என்று ஒரு பொய் சொல்கின்றன. அதுவும் நம்பி, இல்லாத மானிட்டருக்குப் படம் வரைகிறது. அந்தப் படத்தைச் சுருக்கி அனுப்பினால் பழைய பொட்டி விரித்துக் காட்டுகிறது. சுருக்காமல் அனுப்ப வழியில்லை. 1920க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 படம் என்று பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 300 கோடி பிட் வரும். என் வீட்டு ரவுட்டர் நொடிக்குத் தாங்குவது 10 கோடி.

"சூப்பர்ப்பா, புதுசா இருக்கே" என்றான் பையன். ("இதுக்கு ஒரு மானிட்டரே வாங்கியிருக்கலாம்" என்றது தங்கமணி.) புதுசா? கொஞ்சம் கொசுவத்தி சுற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கு முதல் கணினி வந்து இறங்கியது இந்தக் கல்கத்தாவில்தான். பெங்களூரும் இல்லை, பம்பாயும் இல்லை. பி.டி. ரோட்டில், மகாலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1955ல் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்ற இயந்திரம் வந்தது. இன்று நாம் நினைக்கிற மாதிரி திரையெல்லாம் அதற்கு இல்லை. துளை போட்ட அட்டையில் கேள்வி, அச்சடித்த தாளில் பதில். அடுத்து 1966ல் அதே கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஐ.எஸ்.ஐ.ஜே.யூ.-1 என்ற கணினியை இங்கேயே கட்டினார்கள்.

கணினியை வாசலிலேயே மறித்ததும் இதே ஊர்தான். 1960களின் பிற்பகுதியில் எல்.ஐ.சி.யின் இலாக்கோ ஹவுஸுக்குள் கணினி நுழையக்கூடாது என்று ஊழியர்கள் ராத்திரி பகலாகக் காவல் இருந்தார்கள். வங்கிகளிலும் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. 1983ல் சங்கங்களோடு ஒப்பந்தம் போட்ட பிறகுதான், அதுவும் அளவோடு, இயந்திரம் உள்ளே வந்தது. நம்ம ஊர்க்காரர் சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் கமிட்டி 1984ல் கொடுத்த அறிக்கை அதற்குப் பாதை போட்டது. வந்தவை லெட்ஜர் பதிகிற தனித்தனி இயந்திரங்கள், ஏ.எல்.பி.எம். என்போம். லெட்ஜர் கிளையை விட்டு எங்கும் போகவில்லை.

தொண்ணூறுகளில் பல கிளைகளுக்கு யூனிக்ஸ் சர்வர் வந்தது. மூலையில் ஏ.சி. அறையில் ஒரே ஒரு நிஜக் கணினி, கவுண்டர்களில் வெறும் டெர்மினல்கள். டெக் கம்பெனி 1978ல் கொண்டுவந்த வி.டி.100தான் இவற்றுக்கெல்லாம் மாதிரி. வரிக்கு 80 எழுத்து, 24 வரி. அந்த 80 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐ.பி.எம்.மின் 1928ஆம் வருடத் துளை அட்டைக்கு 80 பத்திகள்! திரை முழுக்க 1920 எழுத்து, 9600 வேகத்துக் கம்பியில் நொடிக்கு 960. ஆக, ஒரு திரை நிரம்ப இரண்டு நொடி. வாடிக்கையாளர் மூச்சு விடுவதற்குள் பேலன்ஸ் வந்துவிடும்.

பிறகு டெர்மினல்கள் பழுதாக ஆரம்பித்ததும் அந்த இடத்தில் பி.சி.யை வைத்தார்கள். முழுக் கணினிதான், ஆனால் டெர்மினல் வேஷம் போடும் ஒரு மென்பொருளை ஓட்டிக்கொண்டு, சர்வர் சொல்வதைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு கணினி இன்னொரு கணினிக்குத் திரையாவதை நான் முதலில் பார்த்தது அங்கேதான், எனக்கு அப்போது விளங்காவிட்டாலும். எழுத்துக்குப் பதில் படத்தையே அனுப்பும் வேலையை எம்.ஐ.டி.யில் 1984லேயே எக்ஸ் விண்டோ என்று தொடங்கிவிட்டார்கள். 1998ல் கேம்பிரிட்ஜிலிருந்து வி.என்.சி. இலவசமாக வந்தது. என் வீட்டுச் சமாசாரம் இவற்றின் பேரப்பிள்ளை.

நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தது 2006ல். அடுத்த வருடம் எங்கள் கிளை கோர் பேங்கிங்குக்கு மாறியது. ஒரு சனிக்கிழமை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கணக்கையெல்லாம் டேலி செய்து மும்பைக்கு அனுப்பிவிட்டு, விடிகாலையில் மூலை சர்வரை நிறுத்தினோம். ஹெட் கிளார்க்கை எல்லோரும் பொடோபாபு என்போம். வாலிபத்தில் கணினி எதிர்ப்பு ஊர்வலத்தில் கோஷம் போட்டவர், ஆனால் எங்களில் யாரை விடவும் வேகமாகத் தட்டுவார்.

ஒரு மாதம் கழித்து லிங்க் போனது. கரண்ட் இருக்கிறது, எல்லாத் திரையும் பளிச்சென்று எரிகிறது, பெட்டகத்தில் பணம் இருக்கிறது. மருந்துக்கு இரண்டாயிரம் எடுக்க வந்த ஒரு மாஷிமாவுக்குக் கொடுக்க முடியவில்லை. அவர் கையெழுத்து பொடோபாபுவுக்கு முப்பது வருடப் பழக்கம்.

"அவங்க கணக்கு எங்கே இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"மும்பையில, தாதா."

"அப்ப இது?" என்று தன் மானிட்டரைத் தட்டினார்.

"இது திரை மட்டும்தான்."

மாஷிமா கடை மூடும் நேரம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பொடோபாபு அன்று பிறகு பேசவே இல்லை.

ஆனால் ஒன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு மாசாமாசம் டிராஃப்ட் எடுத்து ரிஜிஸ்டர் தபாலில் கும்பகோணத்துக்கு அனுப்புவேன், அது போய்ச் சேர்ந்து அம்மா கைக்குப் பணமாக வரப் பத்து நாள் ஆகும். கோர் பேங்கிங் வந்த மாதம் இங்கே போட்டேன், மத்தியானமே அங்கே எடுத்துவிட்டு அம்மா போன் பண்ணினாள். நம் போன்றவர்களுக்கு அது சின்ன விஷயமா? பொடோபாபுவிடம் இதைச் சொன்னபோது, "உனக்கு நல்லதுதான்" என்றார். அந்த "உனக்கு" என்பதில் இருந்த அழுத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இதையெல்லாம் பையனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தங்கமணி பெருக்குமாற்றோடு வந்து மேஜைக்கடியில் எதையோ இழுத்துவிட்டது. பழைய பொட்டியில் படம் அப்படியே உறைந்து நின்றது.

"அப்பா, லிங்க் போச்சு!"