பயாப்சி
நம் ஆஸ்பத்திரிகளில் ‘சதை டெஸ்ட்’ என்று பேச்சில் வழங்கும் பயாப்சியை, எலும்பில் துணுக்கு எடுக்கும்போதும் அப்பெயராலேயே குறிப்பது, கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவரும் நோயாளிக்கு வீண் குழப்பத்தையே விளைவிக்கும். கிரேக்கத்தில் ‘பயோஸ்’ உயிர், ‘ஆப்சிஸ்’ பார்வை. இவற்றை இணைத்து 1879-இல் இச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுச் சரும வைத்தியர் எர்னெஸ்ட் பெனியே. பிரேதத்தை அறுத்துப் பார்ப்பது வேறு, ஜீவனுள்ள சரீரத்தில் எடுத்துப் பார்ப்பது வேறு என்பதே தாத்பரியம். இன்றோ ஆய வேண்டிய இடத்தை மரத்துப்போகச் செய்து, சி.டி. ஸ்கேன் வழிகாட்ட ஊசியைச் செலுத்தி, பெரிய கீறலின்றியே துணுக்கை எடுத்துவிடுகிறார்களாதலால், சொல்லிலுள்ள ‘பார்வை’ நுண்ணோக்கிக்கு முன்பே ஸ்கேனில் தொடங்கிவிடுகிறது. ‘அஸ்தி பரிசோதனை’ என்று பெயரிடத் துணிபவர் இருப்பின் அவரைக் கைகூப்பித் தடுப்பேன்: வடமொழியில் எலும்பையே குறித்த அஸ்தி, நம் வழக்கில் தகனத்துக்குப்பின் ஆற்றில் கரைப்பதாகச் சுருங்கிவிட்டதன்றோ! ‘என்பு’ குறளிலும் சித்த வைத்தியத்தின் ஏழு உடற்கட்டுகளிலும் பயின்ற நற்சொல்லே. ஏட்டுக்கு ‘என்புத் திசு ஆய்வு’ இசையும். நோயாளியிடமோ ‘எலும்புத் துணுக்குப் பரிசோதனை’ என்றால், கையொப்பமிடுமுன் எதை எடுக்கப்போகிறார்கள் என்பது அவருக்கு விளங்கிவிடும்.