வீட்டுத் தூசுறிஞ்சிகளின் வடிவமைப்பும் செயல்திறனும்: அரும்பாவூர் மரத்தூளை முன்வைத்து ஒரு வரலாற்று ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

வாக்குவம் கிளீனர் என வழங்கும் வீட்டுத் தூசுறிஞ்சியின் திறனை மின்னாற்றல் அளவான வாட்டைக் கொண்டும், அது அள்ளும் குப்பையைக் கொண்டும் மதிப்பிடுவதே பொது வழக்கம். இக்கருவியின் 1901 முதலான வடிவமைப்பு வரலாற்றை நோக்கினால், ஒவ்வொரு பெரிய மாற்றமும் உறிஞ்சிய தூசைக் காற்றிலிருந்து பிரித்துப் பிடித்துவைக்கும் சிக்கலையே மையமாகக் கொண்டிருப்பது புலனாகிறது. மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்ற அரும்பாவூரின் மரத்தூளை உரைகல்லாகக் கொண்டு, எதை அளந்து தூசுறிஞ்சிகளை ஒப்பிடவேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தூசுறிஞ்சி, அரும்பாவூர், மரத்தூள், சுழல்பிரிப்பான், வடிகட்டி, செயல்திறன்.

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலையின் அடிவாரப் பகுதியில் அமைந்த பேரூர் அரும்பாவூர். இவ்வூரின் மரச்சிற்பங்கள் 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றன. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் இறையுருவங்களும் கோயில் சார்ந்த வேலைப்பாடுகளும் இங்குச் செதுக்கப்படுகின்றன.

மரச்சிற்ப வேலை இருவகைக் கழிவைத் தருகிறது. உளியும் கொட்டாப்புளியும் கொண்டு செதுக்கும்போது விழுவன சிராய்களும் சீவல்களும். இவை கனமானவை, விழுந்த இடத்திலேயே கிடக்கும், துடைப்பத்தால் கூட்டிவிடலாம். உருவம் முடிந்தபின் உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போது எழுவது நுண்தூள். இது காற்றில் மிதந்து நெடுநேரம் கழித்தே படியும். கூட்டினால் மீண்டும் எழும். உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட தன் 62ஆம் தொகுதியில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்னும் முதல் வகையில் சேர்த்தது. மூக்கையும் அதனை அடுத்த எலும்பறைகளையும் தாக்கும் புற்றுநோயே இதில் முதன்மையானது. ஆகவே பட்டறையும் வீடும் அடுத்தடுத்து அமையும் இடங்களில் தூசகற்றுதல் தூய்மை பற்றிய வினாவாக மட்டும் நிற்பதில்லை. உடல்நலம் பற்றிய வினாவாகவும் ஆகிறது. வீட்டுத் தூசுறிஞ்சி இத்தகைய தூளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை அறிய, அது எத்தேவைக்காக உருவானது என்பதை முதலில் காணவேண்டும்.

துணிப்பையின் காலம்

1901இல் இங்கிலாந்துப் பொறியாளர் ஹூபர்ட் செசில் பூத், காற்றை ஊதித் தூசைக் கிளப்பும் கருவியொன்றின் செயல்விளக்கத்தைக் கண்டார். கிளம்பிய தூசு மீண்டும் படிவதைக் கண்ட அவர், ஊதுவதற்கு மாறாக உறிஞ்சுவதே தக்கது எனக் கருதினார். இருக்கை ஒன்றின்மேல் கைக்குட்டையை விரித்து, வாயால் காற்றை உள்ளிழுத்து, துணியில் படிந்த அழுக்கைக் கண்டு தம் கருத்தை உறுதிசெய்துகொண்டார் என்பது இக்கருவியின் வரலாற்றில் நன்கறியப்பட்ட நிகழ்ச்சி. உறிஞ்சும் விசையும் தூசைத் தடுக்கும் துணியும் இணைந்தே கருவி ஆகின்றன என்பதை அச்சிறு சோதனை காட்டியது. பூத் உருவாக்கிய பொறி குதிரை வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டது. தெருவில் நின்றவாறே நீண்ட குழாய்கள் வழியாக வீடுகளின் தூசை உறிஞ்சியது.

அதனை ஒருவர் கையாளும் அளவிற்குச் சுருக்கியவர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கேண்டன் நகரில் துப்புரவுப் பணிபுரிந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். கூட்டும்போது எழும் தூசினால் அவருடைய ஆஸ்துமா மிகுந்தது. மின்விசிறி, பெட்டி, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து அவர் அமைத்த கருவிக்கு 1908இல் காப்புரிமை கிடைத்தது. அவ்வுரிமையை ஹூவர் குடும்பத்தினர் வாங்கினர். தூசினால் நோயுற்ற ஒரு தொழிலாளியின் தேவையிலிருந்தே வீட்டுத் தூசுறிஞ்சி பிறந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. எனினும், தலையணை உறையின் நெசவுக் கண்களின் வழியே நுண்தூள் வெளியேறும். கண்கள் அடைபட்டால் தூள் வெளியேறுவது குறையும். காற்றோட்டமும் உடன் குறையும். இம்முரணே பின்வந்த வடிவமைப்புகளுக்கெல்லாம் அடிப்படை ஆயிற்று.

ஹூவரின் வடிவம் நிமிர்ந்து நிற்பது. அதன் சுழலும் தூரிகை கம்பளத்தைத் தட்டி உள்ளழுக்கை வெளிக்கொணர்வது. 1921இல் சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் வெளியிட்ட ஐந்தாம் மாதிரி, தரையில் கிடையாகச் சறுக்கிச் செல்லும் உருளையும் நெகிழ்குழாயும் கொண்டது. முன்னது கம்பளத்திற்கும், பின்னது இருக்கை, மூலை, இடுக்கு ஆகியவற்றிற்கும் ஏற்றது. இவ்விரு வடிவங்களும் தரையின் தன்மையை ஒட்டி வேறுபட்டனவே தவிர, தூசைப் பிடித்துவைக்கும் முறையில் ஒன்றே. இரண்டிலும் பையே வடிகட்டி.

இந்தியாவில் வாசல்தோறும் விற்பனை

இந்திய நடுத்தர வகுப்பினரிடையே தூசுறிஞ்சியைப் பரவச் செய்ததில் 1982இல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்திற்கு முதன்மையான பங்குண்டு. எலக்ட்ரோலக்ஸின் கூட்டுறவோடு தோன்றிய இந்நிறுவனம், வீட்டிற்கே விற்பனையாளரை அனுப்பிக் கருவியை இயக்கிக் காட்டும் நேரடி விற்பனையைக் கைக்கொண்டது. அதன் ‘யூரோகிளீன்’ என்னும் பெயர் பலரிடையே அக்கருவிக்கே பெயராயிற்று.

தமிழகத்து வீட்டின் சூழல் ஐரோப்பிய வீட்டினின்று வேறானது. சாணம் மெழுகிய மண்தரை, சிமெண்ட் தரை, மொசைக், பளிங்கு ஓடு என மாறிவந்த போதிலும் இங்குத் தரை பெரும்பாலும் கம்பளமற்றதே. திண்ணையும் முற்றமும் தென்னை ஈர்க்குமாற்றுக்கும், உள்தரை பூந்துடைப்பத்திற்கும் ஈரத்துணிக்கும் உரியனவாக இருந்தன. ஈரத்துணியால் துடைப்பது நுண்தூளை எழவிடாமல் ஒட்டியெடுக்கும் சிறந்த முறை. எனவே தூசுறிஞ்சி இங்கு மெத்தை, சோபா, திரைச்சீலை, ஒட்டடை ஆகியவற்றிற்கான துணைக்கருவியாகவே இடம்பெற்றது. இயக்கிக் காட்டும் விற்பனையில் கருவிக்குள் சென்ற அழுக்கு கண்ணுக்குத் தெரியும். பின்புறக் காற்றோடு வெளியேறும் நுண்தூள் தெரியாது.

மர அறுவை ஆலையிலிருந்து வீட்டிற்கு

பையின் முரணுக்கு மாற்று, மரத்தூளைக் கையாண்ட தொழிற்கூடத்திலிருந்தே வந்தது. இங்கிலாந்தின் ஜேம்ஸ் டைசன், 1970களின் இறுதியில் மர அறுவை ஆலையொன்றின் கூரைமேல் இருந்த சுழல்பிரிப்பானைக் கண்டு, அதனைச் சிறிதாக்கி வீட்டுக் கருவியில் பொருத்த முயன்றார். 5127 மாதிரிகளுக்குப் பின் அவ்வடிவம் கைகூடியது. 1993இல் ‘டிசி 01’ விற்பனைக்கு வந்தது. கூம்பு வடிவக் கலத்தில் காற்று விரைந்து சுழலும்போது துகள்கள் சுவரை நோக்கி எறியப்பட்டுக் கீழே இறங்குகின்றன. காற்று நடுவழியே மேலேறுகிறது. துணியின் கண்கள் வழியே காற்று செல்லவேண்டிய தேவை இல்லாமையால், கலம் நிறைந்துவந்தாலும் காற்றோட்டம் பெரிதும் குறைவதில்லை.

இம்முறைக்கும் எல்லை உண்டு. துகள் சிறுக்கச் சிறுக்க அதன்மீது செயற்படும் மையவிலக்கு விளைவு குறைவதால், மிக நுண்ணியவை காற்றோடு சென்றுவிடும். அவற்றைத் தடுக்க 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கவல்ல ஹெப்பா வடிகட்டி சேர்க்கப்படுகிறது. மேலும், கலத்தைத் திறந்து கொட்டும்போது பிடித்த தூள் மீண்டும் எழக்கூடும். வாய்மூடி எறியத்தக்க பல்லடுக்குப் பை இவ்வகையில் மேலானது. ஆகவே காற்றோட்டத்தைக் காப்பதில் சுழல்பிரிப்பானும், கழிவைப் பாதுகாப்பாக வெளியேற்றுவதில் பையும் சிறந்தவை எனலாம்.

அளவீட்டுச் சிக்கல்

பெட்டியின்மேல் அச்சிடப்படும் வாட், கருவி உட்கொள்ளும் மின்னாற்றலையே குறிக்கும். தூசை நகர்த்தும் ஆற்றல், உறிஞ்சழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் பெருக்கி வருவது. எடுத்துக்காட்டாக, 10,000 பாஸ்கல் அழுத்தத்தில் நொடிக்கு 0.02 கன மீட்டர் காற்று சென்றால், அது 200 வாட். குழாயை முற்றிலும் அடைத்தால் அழுத்தம் உச்சமாகும். காற்றோட்டம் இன்மையால் பயன் சுழியாகும்.

ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுத் தூசுறிஞ்சியின் மின்னாற்றலை 2014இல் 1600 வாட்டிற்கும் 2017இல் 900 வாட்டிற்கும் உட்பட வரையறுத்தது. கம்பளத்தில் 75 விழுக்காடு, இடுக்குள்ள கடினத்தரையில் 98 விழுக்காடு தூசையேனும் அள்ளவேண்டும், வெளியேறும் தூசு ஒரு விழுக்காட்டை மிஞ்சக்கூடாது எனவும் விதித்தது. குறைந்த வாட்டிலும் நிறைந்த திறன் இயலும் என்பது இதனால் தெளிவாயிற்று. இவ்விதிகளோடு வந்த ஆற்றல் முத்திரைக்கு எதிராக டைசன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கலம் வெறுமையாக இருக்கும் நிலையில் செய்யும் சோதனை உண்மைப் பயன்பாட்டைக் காட்டாது எனக் கண்டு, ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2018 நவம்பரில் அம்முத்திரை விதியை நீக்கியது. பூத்தின் கைக்குட்டையில் தோன்றிய வினாவே, 117 ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்ற வினாவாயிற்று.

அரும்பாவூர் மரத்தூளும் ஒப்பீட்டு அளவுகோலும்

தொழிற்கூடத் தூசுறிஞ்சிகளுக்கான பன்னாட்டுத் தரம், அவற்றை எல், எம், எச் என மூவகையாகப் பகுக்கிறது. ஊடுருவி வெளியேறும் தூசின் மேலெல்லை முறையே 1, 0.1, 0.005 விழுக்காடு. மரத்தூளுக்கு உரியது எம் வகை. காற்றோட்டம் தாழ்ந்தால் எச்சரிக்கும் அமைப்பும் அதற்கு வேண்டும். வீட்டுக் கருவிக்கு ஐரோப்பா விதித்த ஒரு விழுக்காட்டு எல்லை, சோதனை முறை வேறாயினும், அளவில் எல் வகையை ஒத்தது. மரத்தூளுக்கு வேண்டியதைவிடப் பத்து மடங்கு தளர்ந்தது.

இதனால், சிற்பப் பட்டறையின் சிராய்களுக்குத் துடைப்பமே போதும் என்பதும், நுண்தூளுக்குச் சாதாரண வீட்டுத் தூசுறிஞ்சி போதாது என்பதும் பெறப்படுகின்றன. உறிஞ்சும் விசை மிக்கதாயினும் வடிகட்டி குறையுடைய கருவி, தரையிலுள்ள தூளை மூச்சுக்காற்றின் உயரத்திற்கு ஏற்றிவிடும். அந்நிலையில் ஈரத்துணி அதனினும் மேலானது.

முடிவுரை

கம்பளமுள்ள வீட்டிற்காக வகுக்கப்பட்ட அளவுகோல்களே தூசுறிஞ்சி ஒப்பீட்டில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றன. கடினத்தரையில் அள்ளும் திறன், கலம் நிறைந்த நிலையில் காற்றோட்டம், வெளியேறும் நுண்தூளின் அளவு, கழிவைக் கொட்டும் முறை என்னும் நான்குமே தமிழகச் சூழலுக்கு ஏற்ற ஒப்பீட்டுக் கூறுகள். புவிசார் குறியீடு சிற்பத்தின் பெயரைக் காக்கிறது. அதனைச் செதுக்குவோரின் மூச்சைக் காப்பதற்கு, தூளை அது எழும் இடத்திலேயே பிடித்துவைக்கும் தொழிற்கூடத் தரமுள்ள கருவிகள் கைவினைநர் நலத்திட்டங்களில் இடம்பெற வேண்டும்.