அப்பாவோட பழைய கார்... நாளைய கிளாசிக்கா, வெறும் ஸ்கிராப்பா? கணிப்பது எப்படி?

ஒரு காலத்தில் 'பெட்ரோல் குடிக்கிற வண்டி' என்று ஒதுக்கப்பட்ட கார் கான்டெஸா. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டுவந்த இந்த காரின் தயாரிப்பு 2002-ல் நின்றது. அதன்பிறகு பல கான்டெஸாக்கள் பழைய இரும்பு விலைக்கே போயின. இன்றைக்கு நல்ல கண்டிஷனில் ஒரு கான்டெஸா விற்பனைக்கு வந்தால், பேச்சே லட்சங்களில்தான் தொடங்குகிறது.

அதே காலத்தில் ஓடிய வேறு பல கார்களை யாரும் திரும்பிக்கூட பார்ப்பதில்லை. ஏன் இந்த வித்தியாசம்? வீட்டு ஷெட்டில் நிற்கும் பழைய கார் நாளைக்கு விலை போகுமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

எத்தனை வயதானால் 'கிளாசிக்'?

பழைய கார் எல்லாம் கிளாசிக் இல்லை. பழமையான வாகனங்களுக்கான சர்வதேச கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 வயது, பழைய வடிவம் மாறாத பராமரிப்பு, தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தாமை ஆகியவற்றை அளவுகோலாக வைத்திருக்கிறது.

இந்தியச் சட்டம் இன்னும் கறார். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத தனியார் வாகனம்தான் 'விண்டேஜ்'. அதற்கு 'வி.ஏ' என்ற எழுத்துகளுடன் தனி நம்பர் பிளேட் கிடைக்கும். முதல் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000. ஆனால் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்.

இந்தக் கணக்கில் 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி 800-க்கே 2033-ல்தான் அந்தத் தகுதி வரும். அப்போ 15 வயதுக்கும் 50 வயதுக்கும் நடுவில் இருக்கிற கார்கள்? சாதாரண பழைய வண்டிக்கான எல்லா விதியும் அவற்றுக்குப் பொருந்தும். இதுதான் இந்தியாவில் இருக்கிற முக்கியமான சிக்கல்.

எந்த கார் விலை ஏறும்? 4 அறிகுறிகள்

1. அன்று ஆசைப்பட்ட பையன், இன்று சம்பாதிக்கும் ஆள்

பழைய கார் சந்தையை நடத்துவது இன்ஜின் இல்லை, ஞாபகம்தான். பத்து, பன்னிரண்டு வயதில் எந்த காரை ரோட்டில் நின்று வாய் பிளந்து பார்த்தார்களோ, அதையே நாற்பது வயதுக்கு மேல் கையில் காசு வந்ததும் தேடுகிறார்கள். 80-களில் கான்டெஸாவைப் பார்த்து ஏங்கியவர்கள்தான் பிறகு அதன் விலையை ஏற்றினார்கள். அப்படிப் பார்த்தால் அடுத்த முறை 1990-களின் பிற்பகுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும் வந்த கார்களுக்கு.

2. எத்தனை விற்றது என்பதைவிட எத்தனை மிச்சம் இருக்கு?

மாருதி 800 இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. அப்புறம் எப்படி அரிதாகும்? விலை குறைந்த கார் என்பதால் யாரும் பொத்திப் பொத்தி வைக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலுக்குப் போனது, துருப்பிடித்தது, ஸ்கிராப் ஆனது. 1983 முதல் 1986 வரை வந்த எஸ்.எஸ்.80 மாடல், ஒரிஜினல் சீட், டேஷ்போர்டு, வீல் கப்போடு கிடைப்பது இன்று அபூர்வம்.

ஜிப்ஸியின் கதையும் அதுதான். 1985-ல் அறிமுகமாகி ராணுவம், காவல்துறை என எங்கும் ஓடிய வண்டி. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு பெரிய டயர், வேறு பம்பர் என எல்லாம் மாற்றிவிட்டார்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஜிப்ஸிக்குத்தான் தனி மதிப்பு.

3. சொல்வதற்கு ஒரு கதை இருக்கணும்

முதல் மாடல், கடைசி மாடல், ஸ்பெஷல் எடிஷன் என ஏதாவது ஒரு அடையாளம் வேண்டும். 1991-ல் வந்த டாடா சியராவுக்கு மூன்றே கதவு, பின்பக்கம் கூரை வரை வளைந்த பெரிய கண்ணாடி. அப்படி ஒரு உருவம் இந்திய ரோட்டில் அதற்கு முன் இல்லை. 2025-ல் அதே பெயரில் டாடா புது காரைக் கொண்டுவந்ததும், பழைய சியராவைப் பற்றிய பேச்சு மறுபடியும் சூடுபிடித்தது.

4. ஸ்பேர் கிடைக்கணும், சரிசெய்ய ஆள் இருக்கணும்

அரிதாக இருந்தால் மட்டும் போதாது. அதற்கு உதாரணம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1980-களில் தயாரித்த ஸ்டாண்டர்டு 2000. பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காரின் அழகான உடல், உள்ளே பழைய காலத்து இன்ஜின். சில ஆண்டுகளிலேயே தயாரிப்பு நின்றது. மிச்சம் இருப்பவை மிகக் குறைவு. ஆனால் ஸ்பேர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதைத் தேடி வருவோர் கூட்டமும் சிறியது.

கார்புரேட்டர் வண்டியை அனுபவமுள்ள மெக்கானிக் கையாலேயே சரிசெய்துவிடுவார். 2000-க்குப் பிறகு வந்த கார்களில் எல்லாம் எலக்ட்ரானிக்ஸ். அந்த கம்ப்யூட்டர் யூனிட் போய்விட்டால், அதுவும் இந்தியாவை விட்டே வெளியேறிய கம்பெனியின் காராக இருந்தால், வண்டி அப்படியே நிற்க வேண்டியதுதான்.

அடுத்த வரிசையில் எவை?

மேலே சொன்ன நான்கையும் வைத்துப் பார்த்தால், இப்போதும் ஓரளவு கட்டுப்படியாகும் விலையில் உள்ள சில பெயர்கள் முன்னே வருகின்றன.

* ஹோண்டா சிட்டி வி-டெக்: முதல் தலைமுறை சிட்டியின் வேகமான வடிவம். ஓட்டுவதை ரசிப்பவர்களின் செல்லம். மாற்றம் செய்யாதது கிடைப்பது கஷ்டம்.
* மாருதி ஜென்: 1993-ல் வந்தது. குறைந்த எண்ணிக்கையில் வந்த மூன்று கதவு ஸ்பெஷல் எடிஷனுக்கு கூடுதல் வாய்ப்பு.
* மிட்சுபிஷி லான்சர்: 1998 முதல் திருவள்ளூரில் தயாரானது. ரேலி பந்தயப் பெயர் இதற்கு பலம், ஸ்பேர் பலவீனம்.
* ஃபோர்டு ஐகான்: மறைமலை நகரில் தயாராகி 1999-ல் வந்தது. 1.6 பெட்ரோல் வடிவத்துக்கு ரசிகர்கள் உண்டு.
* டாடா நானோ: 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்று 2009-ல் உலகமே பேசியது. கதை இருக்கிறது, ஏக்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தப் பட்டியலில் இது சூதாட்டம்.

லாபம் வருமா? கணக்கு போடுங்க

உதாரணத்துக்கு, ஒரு காரை ரூ.1.5 லட்சத்துக்கு வாங்கி, டிங்கரிங், பெயின்டிங்குக்கு ரூ.1 லட்சம் செலவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ், சர்வீஸ், ஆர்.சி புதுப்பித்தல் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ரூ.25,000 என்றால், பத்து வருடத்தில் ரூ.2.5 லட்சம். மொத்தம் ரூ.5 லட்சம். அதாவது, வாங்கிய விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல் விற்றால்தான் கையைக் கடிக்காது. அதே பணம் வங்கியில் இருந்தால் வட்டியாவது வந்திருக்கும்.

அதனால் முதலீடாக மட்டும் நினைத்து வாங்குவது ரிஸ்க். பிடித்த காரை வாங்கி ஓட்டி அனுபவித்து, கடைசியில் போட்ட காசு திரும்பி வந்தால் அதுவே லாபம்.

விலையைத் தீர்மானிப்பது ஆர்.சி

கார் பளபளவென்று இருந்தாலும் ஆர்.சி காலாவதியாகியிருந்தால் பாதி மதிப்பு அங்கேயே போச்சு. சொந்த காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு ஆர்.டி.ஓ ஆய்வுக்குப் பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்கு 60 நாட்களுக்குள் இருக்கும்போது படிவம் 25 மூலம் விண்ணப்பிக்கலாம். 15 வயது கடந்த காருக்குப் புதுப்பித்தல் கட்டணம் ரூ.5,000, 20 வயது கடந்தால் 2025 ஆகஸ்ட் முதல் ரூ.10,000. பசுமை வரி தனி. டெல்லி போன்ற இடங்களில் கட்டுப்பாடு இன்னும் அதிகம் என்பதால், கார் எந்த ஊரில் பதிவானது என்பதும் முக்கியம்.

வீட்டில் பழைய கார் இருந்தால் என்ன செய்யலாம்?

* முதலில் ஆர்.சி-யில் உள்ள சேஸிஸ், இன்ஜின் எண்கள் வண்டியோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.
* முதல் பில், சர்வீஸ் புத்தகம், இரண்டாவது சாவி எதையும் தூக்கிப் போடாதீர்கள்.
* கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பத்திரப்படுத்துங்கள். கலர் மாற்றாதீர்கள்.
* வாரத்துக்கு ஒருமுறையாவது கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நிறுத்தியே வைத்தால் பேட்டரி, டயர், பிரேக் எல்லாம் வீணாகும்.
* அடித்தளத்தில் துரு இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். அங்கே ஓட்டை விழுந்திருந்தால் செலவு எகிறும்.

இவ்வளவும் பார்த்த பிறகு தேறாது என்று தெரிந்தால், பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுப்பதில் தப்பில்லை. அரசின் கொள்கைப்படி புது காரின் எக்ஸ்-ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை ஸ்கிராப் மதிப்பாகவும், புது கார் வாங்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகையும் கிடைக்க வழி உண்டு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஸ்கிராப் சான்றிதழ் வாங்கி பதிவு ரத்தாகிவிட்டால், அந்த கார் திரும்ப ரோட்டுக்கு வராது. கையெழுத்துப் போடும் முன் வீட்டில் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.