கரன்ட் போனா ஆட்டோமேட்டிக் கேட் திறக்குமா? ஈசிஆர் வீடுகள் கவனிக்க வேண்டியவை

2022 டிசம்பர் 9 இரவு, மாமல்லபுரம் அருகே மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது. புயல் நேரத்தில் மின்கம்பி அறுந்து விபத்து நடந்துவிடாமல் இருக்க, முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம். அந்த நேரத்தில் அவசரமா ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா, ரிமோட் கேட் உள்ள வீட்டில் காரை எப்படி வெளியே எடுப்பது?

கலிஃபோர்னியாவில் என்ன சட்டம்?

2017-ல் அங்கே பரவிய காட்டுத்தீயின்போது, கரன்ட் இல்லாததால் கராஜ் கதவைத் திறக்க முடியாமல் சிலர் உயிரிழந்தனர். அதன்பின் வந்த சட்டப்படி, 2019 ஜூலை 1 முதல் வீடுகளுக்கு விற்கும், பொருத்தும் புதிய கராஜ் ஓப்பனர்களில் பேட்டரி பேக்கப் கட்டாயம்.

நம்ம வீட்டில் என்ன செய்யணும்?

* வாங்கும்போதே கேளுங்க: பேட்டரி மோட்டாருடன் வருதா, தனியா வாங்கணுமா?

* வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதாக இருந்தால், மோட்டார் லோடை அது தாங்குமா என எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

* கையால் திறக்க 'மேனுவல் ரிலீஸ்' இருக்கும். ஸ்லைடிங் கேட்டில் பெரும்பாலும் சாவியும் லீவரும்; மேலே ஏறும் கராஜ் கதவில் தொங்கும் கயிறு. சாவி எங்கே இருக்குன்னு வீட்டில் எல்லாருக்கும் தெரியணும்.

* மாதம் ஒருமுறை மோட்டாருக்கான சுவிட்சை ஆஃப் செய்து, பேட்டரியில் கேட் திறக்குதா, கையாலும் திறக்க முடியுதா என்று பாருங்க. பேட்டரி நாளாக நாளாக வலுவிழக்கும். கடற்கரை உப்புக்காற்றில் டெர்மினலும் பூட்டும் துருப்பிடிக்கும்.

எச்சரிக்கை: மேலே ஏறும் கதவின் ஸ்பிரிங் உடைந்திருந்தால் கயிறை இழுக்காதீர்கள். கதவு சட்டென கீழே விழலாம்.