ஆயிரம் யார் துப்பாக்கியும் கலஹா மலைகளும்

கண்டியிலிருந்து பேராதனை, ஹிந்தகல வழியாக மலையேறும் பாதை கலஹாவை அடைகின்றது. இப்பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் எழுவது தேயிலையே. ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டத்துக்கு அண்மையில் உள்ள நகரம் இதுவாகும். இம்மலைகளின் தேயிலை வரலாற்றைப் பலர் எழுதிவிட்டனர். தேயிலையை வளர்த்த துரைமாரின் தோளில் தொங்கிய துப்பாக்கியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. அந்தக் குறையைச் சிறிதளவாவது போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துப்பாக்கி என்ற சொல் நம்மவர்க்குத் தரும் நினைவுகள் வேறு. 2009 வரை நீடித்த போரைக் கண்ட எவரும் அச்சொல்லை இலேசாகக் கேட்க மாட்டார். ஆயினும் நான் இங்கு கூறவிருப்பது நெடுந்தூர இலக்குத் துப்பாக்கியை, அதாவது 1000 யார் தொலைவில் உள்ள பலகையின் நடுவட்டத்தைத் துளைப்பதற்கென்றே தெரிவு செய்து சீரமைக்கப்படும் துப்பாக்கியை. ஒரு யார் மூன்று அடி. ஆயிரம் யார் என்றால் ஏறத்தாழ 914 மீற்றர். அத்தொலைவில் உள்ள இரண்டடி விட்டமுள்ள வட்டமே சுடுவோனின் குறி.

இக்கலையின் தொடக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. பிரித்தானியப் படையிடம் அப்போது இருந்தது 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்ட் துப்பாக்கி. மான்செஸ்டரின் பொறியியலாளர் ஜோசப் விட்வர்த், குழலின் உட்புறத்தை அறுகோண வடிவில் அமைத்து, சிறிய விட்டமும் நீண்ட உருவமும் கொண்ட குண்டைப் பயன்படுத்தினார். 1857இல் நடந்த பரிசோதனைகளில் அது என்பீல்டைப் பெரிதும் விஞ்சியது. இங்கிலாந்தின் தேசிய துப்பாக்கிச் சங்கம் 1859இல் தோன்றியது. மறு ஆண்டு ஜூலை 2ஆம் திகதி விம்பிள்டன் திடலில் விக்டோரியா மகாராணி முதல் வெடியைத் தீர்த்தார். இரும்புத் தாங்கியில் பொருத்தியிருந்த விட்வர்த் துப்பாக்கியின் விசையை அவர் இயக்கியதும், 400 யாருக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குல தூரத்தில் குண்டு பதிந்தது. மன்னர் பரம்பரைக்கு அதற்கு முன் துப்பாக்கிப் பயிற்சி ஏதும் தேவைப்படவில்லை. குறி பார்க்கும் வேலையைத் தாங்கி செய்துவிட்டது!

இந்தியத் துணைக்கண்டத்துக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. பேரரசின் பல நாட்டு அணிகள் மோதும் கோலாப்பூர் கிண்ணப் போட்டி 1871இல் தொடங்கியது. அதன் பெயர் மராட்டியச் சமஸ்தானமான கோலாப்பூரின் அரசரிடமிருந்து வந்தது. விம்பிள்டனில் நடந்த போட்டிகள் 1890 முதல் பிஸ்லி திடலுக்கு மாறின. இன்றும் அங்கேயே நடைபெறுகின்றன.

நெடுந்தூரப் போட்டி எவ்வளவு கவனத்தைக் கோரும் என்பதற்கு 1874இல் அமெரிக்காவின் கிரீட்மூர் திடலில் நடந்த போட்டி நல்ல சான்று. அயர்லாந்து அணியினர் குழல்வாயில் மருந்திட்டு நிரப்பும் ரிக்பி துப்பாக்கிகளுடனும், அமெரிக்கர் பின்புறமாக நிரப்பும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகளுடனும் 800, 900, 1000 யார் தூரங்களில் மோதினர். அமெரிக்கர் 934, அயர்லாந்து 931. நடுவட்டத்துக்கு நான்கு புள்ளிகள். அயர்லாந்து வீரர் ஒருவர் நடுவட்டத்தைத் துளைத்தார். ஆனால் அது பக்கத்துப் போட்டியாளருக்குரிய பலகை. போட்டி கைநழுவ அந்த ஒரு வெடி போதுமானதாயிற்று.

இக்கலை கண்டி மலைகளுக்கு வந்த வழியைப் பார்ப்போம். 1899இல் மூண்ட போயர் யுத்தம் பிரித்தானியருக்கு ஒரு கசப்பான பாடத்தைக் கற்பித்தது. ஜேர்மன் மௌசர் துப்பாக்கி ஏந்திய போயர் விவசாயிகள் தொலைவிலிருந்தே படைகளைத் தடுத்து நிறுத்தினர். அதே ஆண்டுகளில்தான் சிறைப்பட்ட போயர்கள் ஆயிரக்கணக்கில் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர். அதே சூழலில், 1900ஆம் ஆண்டில், கண்டியைத் தலைமையகமாகக் கொண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை (சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்) உருவாயிற்று. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியர் மட்டுமே அதில் சேரலாம். தொண்டர் படை என்பதால், துரைமார் தோட்ட வேலை முடிந்த நேரத்திலேயே பயிற்சி பெற்றனர்.

இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்து மலையேறிய ஒரு சின்னத்துரை, போட்டிக்கென முதன்முதலாகத் துப்பாக்கி தெரிவு செய்ய வேண்டுமாயின் எதைப் பார்த்திருப்பான்? படைத்துறைத் துப்பாக்கியான லீ-என்பீல்ட் அவன் கையில் இருந்தது. 1895இல் அறிமுகமான இவ்வகையின் குட்டைக் குழல் வடிவம் 1900களின் முற்பகுதியில் வந்தது. வேட்டைக்கு வாங்கிய மௌசர் வகையும் சிலரிடம் இருந்திருக்கும். அருகிலுள்ள இலக்குக்கு மௌசரே மேல். அதன் ஆணித்தண்டு முன்புறத்தில் பூட்டிக்கொள்வதால் அமைப்பு விறைப்பானது. லீ-என்பீல்டின் ஆணித்தண்டோ பின்புறத்தில் பூட்டிக்கொள்கின்றது. வெடிக்கும்போது உடற்பகுதி சிறிது வளைந்து, குழல்வாய் மேல்நோக்கி அசைகின்றது.

இதைக் குறை என்றே எவரும் நினைப்பர். ஆனால் நெடுந்தூரத்தில் இக்குறையே நிறையாகின்றது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ரவைகளிலும் ஒன்று சற்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் செல்லும். மெதுவான குண்டு குழலை விட்டு வெளியேறத் தாமதமாகும். அதற்குள் குழல்வாய் சிறிது உயர்ந்திருக்கும். ஆகவே அது சற்றே மேல்நோக்கிப் புறப்பட்டு, கூடுதலாக விழ வேண்டிய தூரத்தை ஈடுசெய்துகொள்கின்றது. 200 யாரில் பரந்து கிடந்த குண்டுகள் 1000 யாரில் எதிர்பார்த்ததை விட நெருங்கிப் பதிவது இதனாலேயே. முதலில் தூரத்தைத் தீர்மானித்து, அதன் பின்னரே துப்பாக்கியைத் தெரிவு செய்ய வேண்டும் என்ற பாடம் இதிலிருந்து கிடைக்கின்றது. கடையில் கவர்ச்சியாகத் தெரிவதும் நண்பனின் புகழ்ச்சியும் அதற்குப் பின்னரே.

தெரிவு செய்த பின் சீரமைப்பு. முதலில் குழலின் உட்புறம். ரவை அமரும் இடத்தை அடுத்த தொண்டைப் பகுதியும் குழல்வாயின் விளிம்பும் தேய்ந்திருந்தால் மற்ற எதுவும் பயன்தராது. அடுத்து, குழலுக்கும் மரப்பகுதிக்கும் உள்ள பொருத்தம். மழைக்காலத்தில் மரம் உப்பிக் குழலை ஒரு பக்கமாக அழுத்தினால் குண்டு வேறு இடத்தில் பதியும். ஈரம் நிறைந்த கண்டி மலைகளில் இது பெரிய தொல்லை. மூன்றாவது, பிடங்கின் நீளம். படுத்துக்கொண்டு சுடும்போது தோளும் கன்னமும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் படிய வேண்டும். நான்காவது, இடது மேற்கையில் இறுக்கிக் கட்டும் தோல்வார். துப்பாக்கியின் பாரத்தைத் தசை தாங்கினால் கை நடுங்கும். வாரும் எலும்பும் தாங்கினால் நடுங்காது.

அதன் பின்னர் குறிகாட்டி. பின்பக்கச் சிறுதுளை வழியாக முன்பக்கக் குறியைப் பார்ப்பதே போட்டியாளர் விரும்பிய முறை. இதில் அளவு கோண நிமிடம். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. அது 100 யாரில் ஏறத்தாழ ஓர் அங்குலம், 1000 யாரில் பத்தரை அங்குலம். குறிகாட்டியின் திருகு ஒரு சொடுக்குக்குக் கால் நிமிடம் நகர்வதாயின், 1000 யாரில் குண்டு இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல் இடம்மாறும். புதியவன் முதலில் 100 அல்லது 200 யாரில் சுட்டு, குண்டுகள் நடுவில் விழும்வரை திருகைச் சரிசெய்து, அந்த அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தூரத்தை ஒவ்வொரு படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் தேவைப்பட்ட உயரத்தை எழுதிவைக்க வேண்டும். அன்றும் இன்றும் நல்ல போட்டியாளன் பிரியாத துணை அந்தக் குறிப்பேடுதான்.

இன்று இலண்டன், ஒட்டாவா, சிட்னி போன்ற நகரங்களில் வாழும் நம் இளைஞர் சிலர் இவ்விளையாட்டில் நாட்டம் கொள்ளலாம். அவர்களுக்கு அளவுகள் மாறியுள்ளன, முறை மாறவில்லை. .303 ரவையின் இடத்தை 1960களுக்குப் பின்னர் 7.62 மில்லிமீற்றர் பிடித்துக்கொண்டது. 100 யாரில் சரிசெய்த இத்தகைய துப்பாக்கியை அப்படியே 1000 யாருக்குத் திருப்பினால், குண்டு முப்பது அடிக்கு மேல் கீழே விழும். மணிக்குப் பத்து மைல் வேகக் குறுக்குக் காற்று அதனை ஏறத்தாழ எட்டடி தள்ளிவிடும். ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகாயத்தில் செல்லும் குண்டு இலக்கை அடையும் முன் ஒலியின் வேகத்துக்குக் கீழே தளர்ந்தால், அதன் நிதானம் கெடும். எனவே முதல் துப்பாக்கிக்குப் பெரும் பணத்தைச் செலவிடுவதை விட, ஒரே வகை ரவையை நிறைய வாங்கி, ஒரே குழலில் பழகுவதே நலம். கழகத்தில் சேர்ந்து, அங்குள்ள துப்பாக்கியில் சில மாதம் பழகிய பின் வாங்குவது அதனிலும் நலம். உரிமச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. இலங்கையில் இன்றும் அடிப்படைச் சட்டமாயிருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமே.

உயரமான இடத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதையும் மறக்கக் கூடாது. தியத்தலாவை போன்ற மலைத்திடலில் சரிசெய்த குறிகாட்டியைக் கடலோரக் கொழும்பில் அப்படியே பயன்படுத்தினால் குண்டு தாழ்ந்து போகும். ஒரே துப்பாக்கி, ஒரே ரவை, ஒரே கை. காற்று மட்டும் வேறு.

மீண்டும் கண்டிக்கு வருவோம். துரைமார் படையின் பயிற்சி வீண் போகவில்லை. 1914இல் அதன் பிரிவொன்று, ஏறத்தாழ 230 பேர், எகிப்துக்குக் கப்பலேறியது. 1915இல் கலிப்பொலியில் அன்சாக் படைத்தளபதி பேர்ட்வுட்டுக்குக் காவலாக நின்றவர்களில் அவர்களும் அடங்குவர். பலர் திரும்பி வரவில்லை. அவர்களது துணிவையோ திறமையையோ குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

ஆயினும் ஒரு பத்திரிகையாளனாக நான் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உள்ளது. காற்றின் சிறு மாற்றத்தையும் கால் நிமிடத் திருகையும் பதிவு செய்த அந்தச் சமூகம், தன் லயங்களில் வாழ்ந்த மக்களின் குறையை எந்தக் குறிப்பேட்டில் எழுதியது? தோட்டத் தொழிலாளி அப்படையில் சேர முடியாது. துப்பாக்கி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மறுமுனையிலிருந்துதான்.

1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தத்தில் நின்ற தொழிலாளர் மீது பொலிஸார் சுட்டனர். கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். சுட்டது தோட்டத்துரைமார் படையன்று, பொலிஸ் என்பதைத் தெளிவாகக் கூற வேண்டும். கலஹாவைச் சூழ்ந்த அதே மலைத்தொடரில் நடந்தது என்பதையும் கூற வேண்டும். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். அச்சம்பவத்தின் விளைவாக எழுந்த சர்ச்சை அதே ஆண்டில் அமைச்சர்கள் பதவி விலகும் அளவுக்குப் போயிற்று. மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் முல்லோயா கோவிந்தன் என்ற பெயர் இன்றும் முதல் வரிசையில் உள்ளது.

சுதந்திரத்துக்குப் பின்னர், 1949இல் துரைமார் படை கலைக்கப்பட்டது. அதே 1949இல்தான், முந்திய ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் வாக்குரிமையையும் இழந்தனர். துரை துப்பாக்கியை வைத்துவிட்டுக் கப்பலேறும் காலம் வந்தபோது, தொழிலாளியின் கையிலிருந்த வாக்குச்சீட்டும் பறிபோயிற்று. இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதியவர் சிலரே.

நெடுந்தூரத் துப்பாக்கி ஒரு நேர்மையான கருவி. காற்றைத் தவறாகக் கணித்தவனுக்கு அது எந்தப் பட்டத்தையும் பார்த்துப் புள்ளி வழங்காது. சுட்டவன் துரையா, தொழிலாளியா என்று இலக்குப் பலகைக்குத் தெரியாது. அந்தச் சமத்துவம் சுடுகளத்தின் எல்லைக்குள் மட்டும் இருந்தது என்பதே கண்டி மலைகளின் வரலாறு. அப்படையின் பதக்கங்களை எண்ணுவோர் முல்லோயாவையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு சரியாகும்.