சிறார் மனநலப் பரிந்துரை

பதினெட்டு வயது நிறையாத ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருக்கலாம் என்று முதலில் கவனிக்கும் பெற்றோர், ஆசிரியர், செவிலியர் அல்லது பொது மருத்துவர், அவரை மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ உரிய குறிப்புடன் அனுப்பிவைக்கும் நடைமுறை சிறார் மனநலப் பரிந்துரை எனப்படும். மருத்துவமனைப் பேச்சில் இது ‘ரெஃபர் பண்ணுவது’. தமிழ்நாட்டில் இது எப்படி நடக்கிறது, எந்தச் சட்டங்களும் திட்டங்களும் இதற்குப் பின்னால் இருக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தூக்கம் வராத பெரியவர் தானே டாக்டரைத் தேடிப் போவார். குழந்தை போகாது. அதன் சிக்கல் யாராவது ஒரு பெரியவருக்குத் தொந்தரவான பிறகுதான் கண்ணில் படும். வகுப்பில் ஓடித் திரிந்து, பக்கத்திலிருப்பவனை அடித்து, ஸ்கேலை உடைக்கும் பையன் சீக்கிரமே டாக்டரிடம் அனுப்பப்படுகிறான். கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் சிறுமியோ ‘அமைதியான பொண்ணு’ என்ற நற்பெயரோடு அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறாள். பரிந்துரை முறையின் பெரிய ஓட்டை இதுதான்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ரொனால்ட் கெஸ்லரும் அவருடைய குழுவினரும் 2005இல் எழுதினார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரின் கண் ஏன் முக்கியம் என்பது இந்த வயதுக் கணக்கில் தெரிகிறது.

வயிற்றுவலியும் மந்திரிப்பும்

குழந்தையின் மனக்கஷ்டம் பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் வெளியே வருகிறது. குழந்தை மருத்துவர்கள் நன்கு அறிந்த வகை ஒன்று உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வயிற்றுவலி. பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று, ரத்தப் பரிசோதனை ஆயிற்று, ஸ்கேனும் ஆயிற்று. எல்லாம் நார்மல். ஞாயிற்றுக்கிழமையும் கோடை விடுமுறையிலும் வலி இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஸ்கேன் செலவு மிஞ்சியிருக்கும். தலைவலி, மூச்சு முட்டல், இறைவணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுதல், பெரிய பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்தல் எல்லாம் இதே வகையில் வரக்கூடியவை. வலி பொய்யில்லை. அதன் காரணம் வயிற்றில் இல்லை, அவ்வளவுதான்.

பல வீடுகளில் டாக்டருக்கு முன்பே வேறொரு பரிந்துரை நடந்து முடிந்திருக்கும். காத்து கருப்பு என்று பாட்டி சொல்ல, மந்திரித்துக் கயிறு கட்டியிருப்பார்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் மருத்துவரிடம் அந்தக் குடும்பம் இரண்டாம் முறை வராது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லாமலேயே மருந்தைத் தொடங்கலாம். ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு அங்கேயே மனநல சிகிச்சையும் தரும் ‘தவா–துவா’ ஏற்பாடு அந்தப் புரிதலில் பிறந்ததுதான்.

இன்னொரு தடை ஊர்ப்பெயர். சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கிய காப்பகத்தின் தொடர்ச்சி. தமிழ் சினிமா நகைச்சுவை அந்தப் பெயரை ஒரு வசவாகவே ஆக்கிவிட்டது. இலங்கையில் மனநல மருத்துவமனை உள்ள அங்கொடைக்கும் இதே கதி. அதனால் மகளைக் ‘கண் டாக்டரைப் பார்க்கப் போறோம்’ என்று சொல்லிக் கூட்டிவருகிறார்கள். அறை வாசலில் பலகையைப் படித்துவிடும் பதின்மூன்று வயதுப் பெண், அதற்குப் பிறகு உள்ளே இருப்பவரையும் நம்புவதில்லை.

பாதைகள்

அரசு வழியில் முதல் வடிகட்டி 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்) திட்டம். அதன் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வந்து 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். ஆட்டிசம், ஏ.டி.ஹெச்.டி., கற்றல் குறைபாடு போன்றவை அதன் பட்டியலில் உண்டு. கண்டறியப்பட்டவர்கள் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுவார்கள். பல்லையும் கண்ணையும் ரத்தசோகையையும் ஒரே வரிசையில் பார்த்து நகரும் குழுவுக்குச் சொத்தைப் பல் தெரியும். மூன்று மாதமாகத் தூங்காத பிள்ளை தெரியாது.

அடுத்தது 1982இன் தேசிய மனநலத் திட்டத்தின் கிளையாக 1996இல் உருவான மாவட்ட மனநலத் திட்டம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கும். அதன் மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருவார். ஓ.பி. சீட்டு இருந்தால் போதும், யாருடைய கடிதமும் தேவையில்லை. பொது மருத்துவரின் கடிதத்தோடு நுழையும் பிரிட்டிஷ் ஏற்பாட்டிலிருந்து இந்த நடைமுறை வேறுபடுவது இங்கேதான். கதவு திறந்திருப்பது நல்லதுதான். ஆனால் பள்ளியில் நடந்தது எதுவும் அந்தச் சீட்டில் வராது. நேரில் வரத் தயங்குபவர்கள் 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் எண்ணான 14416இல் பேசலாம். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

பத்தாம் வகுப்பில் மட்டும் பரிந்துரைகள் திடீரென்று கூடும். கற்றல் குறைபாட்டுச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் கிடைக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ‘மக்கு’ என்று அடி வாங்கிய பையனுக்கு அந்த வார்த்தை தவறு என்பது பதினைந்தாவது வயதில், அதுவும் தேர்வுக்காகத்தான் தெரியவருகிறது.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

‘மேல் சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது’ என்ற ஒற்றை வரிதான் நடைமுறையில் அதிகம் காணப்படுவது. பெறுபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எப்போதிலிருந்து, வீட்டிலா பள்ளியிலா இரண்டிலுமா, தூக்கம், சாப்பாடு, படிப்பு இவற்றில் என்ன மாறியது, அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன நடந்தது, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா, இதுவரை என்ன மருந்து, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா: இவை அரைப் பக்கத்தில் அடங்கும். பிள்ளை தன் வாயால் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதி அனுப்புவது எல்லாவற்றையும்விட உதவும்.

ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட எஸ்.டி.க்யூ. வினாப்பட்டியலுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. அதில் 25 கேள்விகள். பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியே நிரப்பலாம். 11 வயது ஆனவர் தாமே நிரப்பலாம். துறுதுறுப்புக்கு ஐந்து கேள்வி என்றால் பயம், கவலை, அழுகைக்கும் ஐந்து கேள்வி. கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கும் மதிப்பெண் விழும் தாள் அது.

காத்திருக்கக் கூடாதவை

சாக வேண்டும் என்று சொல்லுதல், காதில் யாரோ பேசுவதாகச் சொல்லுதல், சாப்பாட்டை அறவே நிறுத்திவிடுதல் ஆகியவற்றில் அன்றே அனுப்ப வேண்டும். அதிகம் தவறிப்போவது, தற்கொலைக்கு முயன்று பிழைத்த பிள்ளை. பொது வார்டில் உடம்பு தேறியதும் டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறது. போலீஸ் கேஸ் ஆகும், பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது என்ற பயத்தில் ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று குடும்பம் சொல்லும். வார்டும் அதையே எழுதிக்கொள்ளும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. போலீஸ் பயத்துக்கு இருந்த சட்டக் காரணம் போய்விட்டது. செய்தி மட்டும் வார்டுவரை வந்து சேரவில்லை.

பேச்சின் நடுவே பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று ஆசிரியரோ ஆலோசகரோ பிள்ளைக்கு முன்கூட்டியே சத்தியம் செய்துவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

உள்நோயாளியாகச் சேர்த்தல்

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு சிறாரை உள்நோயாளியாகச் சேர்ப்பதைக் கடைசி வழியாக வைக்கிறது. சிறாரின் பிரதிநிதியாகக் காப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் வேறொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ, தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துப் படுக்க வைக்கக் கூடாது. காப்பாளரோ அவர் நியமிக்கும் உதவியாளரோ முழு நேரமும் உடனிருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும், 30 நாளைத் தாண்டினால் வாரியம் கட்டாயம் ஆராய வேண்டும்.

பதினெட்டு முடிந்ததும் இவை எதுவும் பொருந்தாது. உள்நோயாளியாக இருக்கும்போதே அந்த வயதைத் தொடுபவரைச் சட்டம் தன்விருப்ப நோயாளியாக மாற்றிவிடுகிறது. அதுவரை அம்மா கையில் இருந்த சிகிச்சை நோட்டு அன்றிலிருந்து அவர் கைக்கு வருகிறது; நிற்க வேண்டிய வரிசை பெரியவர்களுடையது.