பழைய சாவியும் புதிய சாவியும்

வாட்ஸ்அப்பில் சில சமயம் ஒரு வரி தானாக வந்து நிற்கும். இன்னாருடைய பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது என்று. போன வாரம் என் மனைவி அதைக் காட்டி, "யாரோ நம்ம போனுக்குள்ள பூந்துட்டாங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். "ஒண்ணுமில்ல, உன் தம்பி புதுப் போன் வாங்கியிருக்கான். அவனோட சாவி மாறியிருக்கு, அவ்வளவுதான்" என்றேன். அவள் சமாதானமாகிவிட்டாள். எனக்குத்தான் 1997 ஞாபகம் வந்துவிட்டது. அந்த வருடம் ஒரு சாவி மாறியதால் எங்கள் குடும்பத்தில் ஆறு நாட்கள் வீணாகப் போயின. அந்தச் சின்னக் கதையையும், அதற்குப் பின்னால் இருந்த பெரிய கதையையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் இந்தச் சாவி சமாச்சாரம் என்ன என்று பார்ப்போம். கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் காசு போடலாம். திறந்து எடுப்பது சாவி வைத்திருப்பவரால் மட்டும்தான் முடியும். கணினியில் ஒவ்வொருவரும் இப்படி ஒரு உண்டியலைச் செய்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிடலாம். அதற்குப் பொதுச் சாவி என்று பெயர். திறக்கும் சாவியை மட்டும் தன்னிடம் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அது ரகசியச் சாவி. இந்த யோசனையை 1976ல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்டார்கள். அடுத்த வருடமே ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் அதை நடைமுறைப்படுத்த ஒரு நல்ல வழி கண்டார்கள். மூவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அதை ஆர்.எஸ்.ஏ. என்கிறோம். அதற்கு 1983ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. பின்னால் வந்த குழப்பங்களில் பாதிக்கு அந்தக் காப்புரிமைதான் காரணம்.

1991ல் கொலராடோ மாநிலத்தில் இருந்த பில் சிம்மர்மன் என்ற மென்பொருள் பொறியாளர், சாதாரண மனிதர்களும் வீட்டுக் கணினியில் கடிதத்தைப் பூட்டி அனுப்ப ஒரு மென்பொருள் எழுதி இலவசமாகவே விட்டார். அதன் பெயர் பி.ஜி.பி. 'சுமாரான நல்ல அந்தரங்கம்' என்று கேலியாகத் தமிழில் சொல்லலாம். அவர் தானே அமைத்த பூட்டு முறை ஒன்றை முதல் பதிப்பில் வைத்திருந்தார். அது பலவீனமானது என்று அதே ஆண்டு ஒரு நிபுணர் எடுத்துக் காட்டிவிட்டார். மனிதர் வீம்பு பிடிக்கவில்லை. 1992ல் வந்த இரண்டாம் பதிப்பில் சுவிட்சர்லாந்தில் உருவான ஐடியா என்ற முறைக்கு மாறிவிட்டார். முதல் பதிப்பில் பூட்டிய கடிதங்களை இரண்டாம் பதிப்பு திறக்காது. அதாவது இந்த மென்பொருளின் தொடக்க காலத்திலேயே பழசும் புதுசும் ஒத்துப்போகாத கதை தொடங்கிவிட்டது.

பிறகு வந்தவை சட்டத் தொல்லைகள். அமெரிக்காவில் அப்போது வலுவான பூட்டு மென்பொருள் ஆயுதக் கணக்கில் சேர்ந்தது. அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். பி.ஜி.பி. எப்படியோ கடல் கடந்துவிட்டதால் 1993ல் சிம்மர்மன் மேல் விசாரணை தொடங்கியது. மூன்று வருடம் மனிதரை ஆட்டிவைத்துவிட்டு, 1996 ஜனவரியில் வழக்கே போடாமல் கைவிட்டார்கள். இன்னொரு பக்கம் காப்புரிமைத் தகராறு. அதைத் தீர்க்க 1994ல் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் வழியாக 2.6 என்ற பதிப்பு வந்தது. அதில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு. 1994 செப்டம்பர் 1ஆம் தேதிக்குப் பிறகு அது பூட்டும் கடிதங்களைக் காப்புரிமைச் சிக்கலில் இருந்த பழைய பதிப்புகளால் திறக்க முடியாதபடி வேண்டுமென்றே மாற்றியிருந்தார்கள். எல்லாரையும் புதிய பதிப்புக்கு நகர்த்துவதற்காக அப்படிச் செய்தார்கள்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. சென்னையில் எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு இணைப்பு. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள், கீச்சென்று கத்தும் மோடம். எல்லாருக்கும் பொதுவாக ஒரே மின்னஞ்சல் முகவரி. காலையில் ஒருவர் எல்லாக் கடிதங்களையும் இறக்கி, அச்செடுத்து, மேசை மேசையாகக் கொடுப்பார். கொடுப்பதற்கு முன் படித்தும் விடுவார். அமெரிக்காவில் இருந்த என் மாமா பையன்தான் இதற்கு பி.ஜி.பி.யைச் சொல்லிக்கொடுத்தான். நார்வேயிலிருந்து வெளிவந்த 2.6.3 பன்னாட்டுப் பதிப்பை ஒரு பிளாப்பியில் போட்டு வைத்திருந்தேன். இரண்டு பேரிடமும் ஆர்.எஸ்.ஏ. சாவி. ஒரு வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

1997 மே மாதம் மாமாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் அந்தச் சொல்லை வீட்டுக்குள் உச்சரிக்க மாட்டார்கள். மாமாவிடமே சொல்லவில்லை. மாமி, நான், டாக்டர் மூவருக்கு மட்டும் தெரியும். சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும், மகனை வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். டெலிபோன் இருந்தது கூடத்தில், மாமாவின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில். ஆகவே எல்லாவற்றையும் விவரமாக இரண்டு கடிதங்களாக எழுதி, பூட்டி, அலுவலகத்திலிருந்து அனுப்பினேன்.

மறுநாள் அவனிடமிருந்து பதில். பி.ஜி.பி. 5.0 என்ற புதிய பதிப்பின் பீட்டாவைச் சோதித்துக்கொண்டிருக்கிறானாம். பீட்டா என்றால் முழுதாக முடியாமல், சோதித்துக் குறை சொல்வதற்காகக் கொடுக்கும் பதிப்பு. உற்சாகத்தில் புது வகைச் சாவி ஒன்றைச் செய்துகொண்டு, இனிமேல் தேவையில்லை என்று பழைய சாவியை அழித்துவிட்டான். நான் அனுப்பியவை பழைய சாவிக்குப் பூட்டியவை. "திறக்க முடியவில்லை, இதோ என் புதிய பொதுச் சாவி, இதில் பூட்டி மறுபடி அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தான்.

அந்தச் சாவியை என் மென்பொருளில் சேர்க்கப் பார்த்தேன். அந்தக் கோப்பில் சாவியே இல்லை என்பதுபோல் அது கையை விரித்துவிட்டது. மோடத்தில் வரும்போது கோப்பு கெட்டிருக்கும் என்று நினைத்து, மறுபடி அனுப்பச் சொன்னேன். மறுபடியும் அதே கதை. நமக்குப் பகல் என்றால் அவர்களுக்கு இரவு. எங்கள் அலுவலகத்தில் காலையில் ஒரு தடவைதான் கடிதம் பார்ப்பார்கள். ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு முழு நாள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வேறு.

விஷயம் என்னவென்றால், பி.ஜி.பி. 5.0ல் சாவியின் வகையையே மாற்றியிருந்தார்கள். ஆர்.எஸ்.ஏ.க்கு உரிமத் தொல்லை இருந்தது. டிஃபி, ஹெல்மன் முறையின் காப்புரிமையோ அந்த 1997லேயே காலாவதியானது. அதோடு, பழைய பதிப்பு கையெழுத்துப் போடப் பயன்படுத்திய எம்.டி.5 என்ற கணக்கு முறையில் ஓட்டை இருப்பதாக டோபர்டின் என்ற ஜெர்மானியர் 1996ல் காட்டியிருந்தார். ஆகவே மாற்றியதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. புதிய பதிப்புக்குப் பழைய ஆர்.எஸ்.ஏ. சாவி என்னவென்று தெரியும். பழைய பதிப்புக்குத்தான் புதிய சாவி என்னவென்றே தெரியாது. பேரனுக்குத் தாத்தாவின் கையெழுத்து புரியும், தாத்தாவுக்குப் பேரனின் எழுத்து புரியாது என்பது போல.

நானும் 5.0ஐ இறக்கிக்கொள்ளலாமே என்றால், அதற்கு ஏற்றுமதிச் சட்டம் குறுக்கே நின்றது. அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது. ஆனால் அச்சடித்த புத்தகத்தை ஏற்றுமதி செய்யத் தடையில்லை. அதனால் அந்த மென்பொருளின் மூல நிரல் முழுவதையும் 6000 பக்கங்களுக்கு மேல் புத்தகங்களாக அச்சடித்து, சட்டப்படி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அங்கே 70க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, எழுத்துப் பிழை திருத்தி, மறுபடி மென்பொருளாக்கினார்கள். ஒரு எழுத்து மாறினாலும் நிரல் ஓடாது. கல்வெட்டைப் படியெடுப்பவர்களின் பொறுமை வேண்டும். அந்தப் பன்னாட்டுப் பதிப்பு வந்தபோது எங்கள் வீட்டு விஷயம் முடிந்து மாதக்கணக்காகியிருந்தது.

ஆறாம் நாள்தான் எனக்குப் புத்தி வந்தது. தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஐ.எஸ்.டி. போட்டேன்.

"என்னடா, என் லெட்டர்ல என்ன இருந்துதுன்னே உனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாதே அத்தான். சாவி சரியாச்சா?"

அவன் இன்னும் சாவியைப் பற்றித்தான் பேசினான். நான் அவன் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டிக்கெட் கிடைத்து அவன் வந்து சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மாமா அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். ஆனால் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன், "பையன் வந்துட்டானா?" என்று கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். முதல் நாளே பூத்துக்குப் போயிருக்க வேண்டியவன் நான். எப்படியாவது அதை ஓட வைத்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தில் விஷயத்தை மறந்து சாவியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு உலகத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். புதிய வகைச் சாவியை உலகத் தரமாக 1998ல் ஏற்றுக்கொண்டார்கள். 1999ல் ஜெர்மனியின் வெர்னர் கோக் எழுதிய இலவச மென்பொருளான ஜி.என்.யூ.பி.ஜி.யின் 1.0 பதிப்பு வந்தது. காப்புரிமைக்குப் பயந்து அதில் ஆர்.எஸ்.ஏ.யைச் சேர்க்கவே இல்லை. ஆகப் பழைய சாவிக்காரர்களுக்கு அங்கும் கதவு சாத்திக் கிடந்தது. 2000 செப்டம்பரில் காப்புரிமை முடிந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது.

அதே 2000 ஆகஸ்டில் ஒரு பெரிய விஷயம் வெளிவந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ரால்ஃப் செண்டரெக் என்பவர் பழைய வகை, புதிய வகை இரண்டு சாவிகளையும் எடுத்து, அவற்றில் வேண்டுமென்றே கை வைத்து, பல பி.ஜி.பி. பதிப்புகளில் போட்டு, எது எப்படி நடந்துகொள்கிறது என்று பொறுமையாகச் சோதித்தார். புதிய வகைச் சாவியில் ஒரு வசதி இருந்தது. ஊழியருக்கு வரும் கடிதத்தை நிறுவனமும் திறக்க, கூடுதலாக ஒரு சாவியை இணைத்துக்கொள்ளலாம். சாவிக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால்தான் இணைக்க முடியும் என்பது ஏற்பாடு. ஆனால் சாவியில் கையெழுத்தின் காவல் இல்லாத ஒரு பகுதி இருந்தது. அந்தப் பகுதியில் யாரோ ஒருவன் தன் சாவியைச் செருகிவிட்டால், 5.5 முதல் 6.5.3 வரையான பதிப்புகள் அவனுக்கும் சேர்த்துப் பூட்டிக் கொடுத்துவிட்டன. உண்டியலுக்கு இரண்டாவது பூட்டு வைத்து, அதன் சாவியைத் திருடனிடம் கொடுத்த கதை. பழைய ஆர்.எஸ்.ஏ. சாவியில் அப்படிச் செருகுவதற்கு இடமே இல்லை. அந்த நிறுவனம் உடனே திருத்தப் பதிப்பு வெளியிட்டது.

அதற்காகப் பழசே நல்லது என்று சொல்ல வரவில்லை. எம்.டி.5ன் ஓட்டை பின்னால் இன்னும் பெரிதாயிற்று. 2014ல் வந்த ஜி.என்.யூ.பி.ஜி. 2.1, பழைய பி.ஜி.பி. காலத்துச் சாவிகளுக்கு ஆதரவை நிறுத்திவிட்டது. இப்போது குவாண்டம் கணினிக்கும் தாங்கும் பூட்டு என்று 2024ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு புதிய முறைகளை அறிவித்திருக்கிறது. மாற்றம் மறுபடி வரும், வந்துதான் ஆக வேண்டும். ஆனால் புதிய சாவியைச் சோதிக்கிறவன் அது தன் கணினியில் ஓடுகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. பழைய பதிப்போடு உட்கார்ந்திருக்கும் எதிர்ப்பக்கத்து ஆசாமிக்கு அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செண்டரெக் செய்தது அதுதான். நாங்கள் இரண்டு பேரும் செய்யாமல் விட்டதும் அதுதான். அதுவரை பழைய சாவியைத் தூக்கி எறியக் கூடாது.

நான் அனுப்பிய அந்த இரண்டு கடிதங்களும் கோப்பாக இன்னும் என்னிடம் இருக்கின்றன. பிளாப்பியிலிருந்து சி.டி.க்கும், அதிலிருந்து பென் டிரைவுக்கும் மாற்றி வைத்திருக்கிறேன். அவனுடைய பழைய சாவிக்கு மட்டும் பூட்டியவை என்பதால் எழுதிய என்னாலேயே இப்போது படிக்க முடியாது. சாவி இல்லாமல் போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்கு என்னென்ன எழுதினேன் என்பதும் எனக்குச் சரியாக நினைவில்லை.